ரேஷன் பாமாயிலா, செக்கு எண்ணெயா, ஆலிவா: மாதச் சாமான் பட்டியலில் எதை எழுதுவது?

ரேஷன் கடையில் பாமாயில் லிட்டர் 25 ரூபாய். மளிகைக் கடையில் ரீஃபைண்டு சூரியகாந்தி எண்ணெய் 160 ரூபாய் சுமாருக்கு நிற்கிறது. செக்குக் கடையில் கடலை எண்ணெய் 280, நல்லெண்ணெய் 400. சூப்பர் மார்க்கெட்டில் எக்ஸ்ட்ரா வெர்ஜின் ஆலிவ் ஆயிரத்தைத் தாண்டுகிறது, அவகாடோ எண்ணெய் அதற்கும் மேலே. ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் இந்த விலைகள் முன்பின்னாக இருக்கும். எப்படிப் பார்த்தாலும் கடுகு தாளிக்கிற ஒரே வேலைக்கு நாற்பது மடங்கு விலை வித்தியாசத்தில் சாமான் விற்கிறது.

எந்த எண்ணெய் நல்லது என்று பேச்சு வந்தால் நாம் கொலஸ்ட்ரால், இதயம் என்று உடம்போடு நிறுத்திக்கொள்கிறோம். அது முக்கியம்தான். ஆனால் இந்த விலைகளை யார் முடிவு செய்கிறார்கள், நாம் கொடுக்கிற காசு யாரிடம் போய்ச் சேருகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் சரியான முடிவுக்கு வர முடியும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாத வருமானத்தை எண்ணிச் செலவழிக்கிற நடுத்தரக் குடும்பம் மொத்த எண்ணெய் அளவைக் குறைத்துக்கொண்டு, அதில் மிஞ்சும் காசில் அன்றாடச் சமையலுக்குச் செக்குக் கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் வாங்கலாம். பொரிப்பதற்கு ரேஷன் பாமாயிலோ தவிட்டு எண்ணெயோ போதும். ஆலிவ், அவகாடோ பக்கம் போகவே வேண்டாம். கைக்கும் வாய்க்கும் சரியாக இருக்கிற வீட்டில் ரேஷன் பாமாயிலையே அளவாகப் பயன்படுத்தினால் ஒன்றும் கெட்டுப்போகாது, அதற்காக யாரும் கூனிக் குறுக வேண்டியதில்லை.

ரேஷன் பாமாயில்

விலைவாசி ஏறிய நேரத்தில், 2007-ல், தமிழ்நாட்டில் சிறப்புப் பொது விநியோகத் திட்டம் தொடங்கியது. துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் வருவது அந்தத் திட்டத்தில்தான். வெளிச்சந்தையில் பாமாயில் நூறைத் தாண்டி விற்கும்போதும் கார்டுக்கு 25 ரூபாயில் ஒரு லிட்டர் கிடைக்கிறது என்றால், மீதிப் பணத்தை அரசாங்கம் கட்டுகிறது. கூலி வேலைக்குப் போகிற வீட்டில் இந்த ஒரு லிட்டர் எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது அந்த வீட்டுக்காரர்களுக்குத்தான் தெரியும். வீடியோவில் வந்து "பாமாயில் விஷம்" என்று சொல்கிறவர்கள் மாற்று எண்ணெய்க்கு யார் காசு கொடுப்பது என்று சொல்வதில்லை.

உடம்பு விஷயத்தில் பாமாயிலுக்கு ஒரு குறை உண்டு. அதிலுள்ள கொழுப்பில் நூற்றுக்கு 40 பங்குக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு, அதாவது கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றுகிற வகை. கடலை எண்ணெயில் அது 20-க்குள், நல்லெண்ணெயில் 15 அளவில், சூரியகாந்தியில் 10-ஐ ஒட்டி. அதனால் இதய நோய் இருக்கிறவர்கள், கெட்ட கொலஸ்ட்ரால் ஏறியவர்கள் பாமாயிலையே முழுக்க நம்பியிருக்கக் கூடாது. அதே நிறைவுற்ற தன்மையால்தான் சூட்டில் அது சீக்கிரம் கெடுவதில்லை. அப்பளம், வடை, பஜ்ஜி போட அது நன்றாகவே வேலை செய்யும்.

பாமாயிலின் உண்மையான சிக்கல் அது வருகிற வழி. இந்தியாவின் சமையல் எண்ணெய்த் தேவையில் பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது, ஆண்டுக்குச் சுமார் 160 லட்சம் டன். அதில் பெரிய பங்கு பாமாயில். உலகப் பாமாயிலில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும்தான் விளைகிறது. 2019 செப்டம்பரில் மலேசியப் பிரதமர் மகாதீர் ஐ.நா. சபையில் காஷ்மீர் பற்றிப் பேசினார், பிறகு குடியுரிமைத் திருத்தச் சட்டத்தையும் விமர்சித்தார். அதைத் தொடர்ந்து 2020 ஜனவரியில் சுத்திகரித்த பாமாயில் இறக்குமதிக்கு இந்தியா கட்டுப்பாடு போட்டது. 2022 ஏப்ரல் 28 அன்று, தன் மக்களுக்கே எண்ணெய் கிடைக்கவில்லை என்று இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தியது. மே 23-ல்தான் தடை நீங்கியது. அந்த நாலு வாரத்தில் நம் ஊர்ப் பலகாரக் கடைக்காரர்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை.

சூரியகாந்தி ரீஃபைண்டு

இது நம் வீடுகளின் வழக்கமான எண்ணெய். வாசனை இல்லை, நிறம் இல்லை, எதில் ஊற்றினாலும் ஒத்துப்போகும். நம் சந்தைக்கு வரும் சூரியகாந்தி எண்ணெயில் பெரும்பகுதி உக்ரைன், ரஷ்யா பக்கத்திலிருந்து வருவது. 2022 பிப்ரவரி 24-ல் போர் தொடங்கியதும் விலை எப்படி எகிறியது என்பது நினைவிருக்கும். கருங்கடலில் கப்பல் நின்றால் நம் அடுப்படியில் பட்ஜெட் இடிக்கிறது.

இதைப் பற்றி இப்போது பரவுகிற பயம் அமெரிக்காவிலிருந்து வந்தது. விதை எண்ணெய்கள் எல்லாம் உடம்பைக் கெடுக்கின்றன, மாட்டுக் கொழுப்புக்குத் திரும்புங்கள் என்று பேசிவந்த ராபர்ட் எஃப். கென்னடி ஜூனியர் 2025 பிப்ரவரியில் அங்கே சுகாதார அமைச்சரானார். ஒரு நாட்டின் கட்சி அரசியலோடு கலந்த அந்தப் பேச்சு ரீல்ஸ் வழியாக இங்கே வந்து, "ரீஃபைண்டு ஆயில் நஞ்சு" என்று தமிழில் ஓடுகிறது. சூரியகாந்தி போல லினோலிக் அமிலம் என்ற நிறைவுறாத கொழுப்பு உள்ள எண்ணெய்கள் கெட்ட கொலஸ்ட்ராலைக் குறைக்கின்றன என்பதற்குப் பல ஆண்டு ஆய்வுகளின் ஆதரவு இருக்கிறது. அதோடு, விதை எண்ணெய் எல்லாம் கெடுதல் என்றால் நல்லெண்ணெயும் அதில் சேர்ந்துவிடும். சூரியகாந்தியை ஒதுக்க எனக்குத் தெரிந்த காரணங்கள் வேறு: அதைப் பொரிக்கப் பயன்படுத்தி, ஆறவைத்து, மறுபடி மறுபடி காய்ச்சினால் மற்றவற்றைவிடச் சீக்கிரம் கெடும். இன்னொன்று, பாக்கெட் அளவு. ஒரு லிட்டர் போலத் தோன்றும் பாக்கெட்டில் 850 மில்லியோ 800 கிராமோ இருக்கிறது. ஒரு லிட்டர் எண்ணெய் சுமார் 910 கிராம். எடையைப் பார்த்துக் கணக்குப் போட்டால்தான் எந்தப் பாக்கெட் மலிவு என்று தெரியும்.

மரச்செக்கு எண்ணெய்

பத்து ஆண்டுகளுக்கு முன் கிராமத்துப் பழக்கமாக ஒதுங்கிக் கிடந்தது இன்றைக்கு அந்தஸ்துச் சாமானாகிவிட்டது. சென்னை, கோவை ஹோட்டல் பலகைகளில் "மரச்செக்கு எண்ணெயில் சமைத்தது" என்று எழுதுகிறார்கள். கண்ணாடி பாட்டிலில் அடைத்து, சணல் கயிறு கட்டி, கல்யாணத்துக்குத் தாம்பூலப் பையில் வைத்துக் கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

எங்கள் பகுதிச் செக்குக் கடையில் போய் நின்றால் வேலை கண்ணுக்கு முன்னால் நடக்கிறது. உரலும் உலக்கையும் வாகை மரம், சுற்றுவது மோட்டார். நிலக்கடலைப் பருப்பைக் கொட்டி, லேசாகத் தண்ணீர் தெளித்து ஓட விடுகிறார்கள். எள் என்றால் கருப்பட்டியும் போடுவார்கள். முதலில் வடிவது கலங்கலாக இருக்கும். அதை அண்டாவில் பிடித்து, வெள்ளைத் துணியால் வாய் கட்டி, இரண்டு மூன்று நாள் வெயிலில் வைக்கிறார்கள். கசடு அடியில் தங்கியதும் மேலே தெளிந்ததை மொண்டு கேனில் ஊற்றுகிறார்கள். மிஞ்சும் புண்ணாக்கு மாட்டுக்காரர்களுக்குப் போகிறது. அங்கே ஒரு பெண்மணி, "ஏனுங்க, போன தடவை வாங்கினது சீக்கிரமே சிக்கு வாடை அடிச்சுப்போச்சுங்க" என்று சொன்னார். கடைக்காரர் பக்கத்துச் சாக்கைப் பிரித்துக் காட்டினார்: "அக்கா, இனிமே எங்க வாங்கினாலும் பருப்பைப் பாத்துட்டு வாங்குங்க. சுருங்கினது, கறுப்பு விழுந்தது இருந்தா எங்கிட்டயும் வாங்காதீங்க."

அவர் சொன்னதில் பெரிய விஷயம் இருக்கிறது. பூசணம் பிடித்த கடலையில் அஃப்ளடாக்சின் என்ற நச்சு உண்டாகும், அது கல்லீரலுக்குக் கேடு. ஆலையில் சுத்திகரிக்கும்போது அது பெரும்பாலும் நீங்கிவிடும். செக்கு எண்ணெயில் அப்படிச் சுத்திகரிப்பு இல்லாததால் நல்ல பருப்பு என்றால் நல்ல எண்ணெய், கெட்ட பருப்பு என்றால் கெட்ட எண்ணெய். ஆகவே, செக்கு என்று பெயர் போட்டதாலேயே எதையும் நம்பக் கூடாது. எந்தப் பருப்பில் ஆட்டுகிறார்கள் என்பதைப் பார்க்க முடிகிற கடையில் வாங்குவதுதான் பாதுகாப்பு.

விலையை வைத்தும் கலப்படத்தைப் பிடிக்கலாம். ஒரு லிட்டர் கடலை எண்ணெய் எடுக்கச் செக்கில் ஏறத்தாழ 2.5 கிலோ பருப்பு வேண்டும். பருப்பு கிலோ 120 என்று வைத்தால் 300 ரூபாய். மிஞ்சுகிற 1.4 கிலோ புண்ணாக்கைக் கிலோ 40-க்கு விற்றால் 56 ரூபாய் திரும்பும். ஆட்டுக் கூலி 25 சேர்த்தால் அடக்க விலையே 270-ஐ ஒட்டி வருகிறது. உங்கள் ஊர்ப் பருப்பு விலையைப் போட்டு இதே கணக்கைப் பாருங்கள். யாராவது "மரச்செக்குக் கடலை எண்ணெய் 180 ரூபாய்" என்று ஆன்லைனில் விற்றால் அதில் பாமாயிலோ வேறு ஏதோ கலந்திருக்கிறது என்றுதான் அர்த்தம். அதேபோல 280-க்குக் கிடைக்கிற எண்ணெயை அழகான பாட்டிலில் 600 ரூபாய்க்கு விற்றால் அந்த மீதி 320 பாட்டிலுக்கும் விளம்பரத்துக்கும் போகிறது.

சமையலில் இதன் பலன் தாளிப்பில் தெரியும். கடலை எண்ணெயில் வதக்கிய கத்தரிக்காய்க்கும் நல்லெண்ணெய் விட்ட வத்தக்குழம்புக்கும் வேறு எண்ணெய் ஈடாகாது. வாசனை இருப்பதால் குறைவாக ஊற்றினாலே போதும். ஆனால் பொரிக்க இதைப் பயன்படுத்துவது வீண். நல்லெண்ணெய் நுரைத்துப் பொங்கும், சுத்திகரிக்காத கடலை எண்ணெய் சீக்கிரம் புகையும். 280 ரூபாய் எண்ணெயைச் சட்டி நிறைய ஊற்றி, பூரி சுட்டுவிட்டு மிச்சத்தை என்ன செய்வது என்று தெரியாமல் திரும்பத் திரும்பக் காய்ச்சுவது எல்லா வகையிலும் நட்டம்.

மற்றவை

தேங்காய் எண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு நூற்றுக்கு 90 அளவில். ஆண்டாண்டாக அதில் சமைக்கிற நாஞ்சில் நாட்டு வீடுகளுக்கு நான் புத்தி சொல்ல வரவில்லை. அவியலுக்கு அது இல்லாமல் முடியாது. ஆனால் "எடை குறைக்கும்" என்று காப்பியில் ஸ்பூன் ஸ்பூனாக ஊற்றிக் குடிப்பதற்கு நியாயம் இல்லை. 2025-ல் தேங்காய் விளைச்சல் குறைந்து அதன் விலை கேரளத்தில் லிட்டர் 400-ஐத் தாண்டியது.

நெய்க்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. நல்ல செய்திதான். பருப்புச் சோற்றில் ஒரு ஸ்பூன் விடுவதற்கு அது. எண்ணெய்க்குப் பதிலாக அல்ல.

தவிட்டு எண்ணெயை யாரும் கொண்டாடுவதில்லை, ஆனால் கவனிக்க வேண்டியது. நம் அரிசி ஆலைகளில் மிஞ்சுகிற தவிட்டிலிருந்து எடுப்பது. கரைப்பான் போட்டு எடுத்துச் சுத்திகரிக்கப்படுவதால் "இயற்கை" ஆட்களுக்குப் பிடிக்காது. கொலஸ்ட்ராலைக் குறைக்க உதவும் ஓரைசனால் என்ற பொருள் அதில் உண்டு, பொரிக்கிற சூட்டையும் தாங்கும். ரேஷன் பாமாயில் வேண்டாம் என்கிறவர்கள் பொரிக்க இதை வாங்கலாம்.

ஆலிவ் நல்ல எண்ணெய். எக்ஸ்ட்ரா வெர்ஜின் ஆலிவைச் சுற்றி நடந்த இதய ஆய்வுகள் வலுவானவை. ஆனால் அந்தப் பலன் மீன், காய்கறி, பருப்பு நிறைந்த மத்தியதரைக்கடல் சாப்பாட்டோடு சேர்ந்து வந்தது. சாம்பார் தாளிக்க அதை வாங்கி என்ன பயன்? ஸ்பெயினில் வறட்சி வந்து 2023, 2024-ல் விலை உலகம் முழுக்க ஏறியது. விலை ஏறினதும் இங்கே பலர் வாங்குவது "ஆலிவ் பொமேஸ்" என்று எழுதிய மலிவு பாட்டில். பொமேஸ் என்பது ஆலிவைப் பிழிந்த பிறகு மிஞ்சும் சக்கை. அதிலிருந்து கரைப்பான் போட்டு எடுத்துச் சுத்திகரிப்பதுதான் அந்த எண்ணெய். ரீஃபைண்டு ஆயில் வேண்டாம் என்று ஓடிப்போய், ரீஃபைண்டு சக்கை எண்ணெயை மூன்று மடங்கு விலைக்கு வாங்குகிறார்கள். இதைக் கடையில் யாரும் எடுத்துச் சொல்வதில்லை என்பது எனக்கு நிஜமாகவே கோபம் தருகிறது. அவகாடோ எண்ணெய் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை, காசு மிஞ்சினால் அவரவர் விருப்பம்.

கடலை போட்டவருக்கு என்ன கிடைக்கிறது?

1986-ல் ராஜீவ் காந்தி அரசு எண்ணெய் வித்துத் தொழில்நுட்ப இயக்கத்தைத் தொடங்கியது. பத்து ஆண்டில் வித்து உற்பத்தி ஏறத்தாழ இரட்டிப்பானது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இந்தியா எண்ணெயில் கிட்டத்தட்டத் தன்னிறைவோடு இருந்தது. 1994-ல் பாமாயில் இறக்குமதி தனியாருக்குத் திறக்கப்பட்டது, வரியும் படிப்படியாக இறங்கியது. திண்டிவனம், திருவண்ணாமலை, நாமக்கல் பக்கத்துக் கடலைக்காட்டுக்காரர்கள் அதன் பிறகு மலேசியத் தோட்டங்களோடு போட்டி போட வேண்டியதாயிற்று. விருதுநகர் போன்ற எண்ணெய் வணிக ஊர்களும் அந்த மாற்றத்தைச் சந்தித்தன.

இன்றைக்கும் அதே இழுபறி. சோயா விலை அரசு அறிவிக்கிற குறைந்தபட்ச ஆதார விலைக்குக் கீழே போனதும், மகாராஷ்டிரத் தேர்தலுக்கு முன்பு, 2024 செப்டம்பரில் சுத்திகரிக்காத சமையல் எண்ணெய்க்கான மொத்த இறக்குமதி வரியை 5.5-லிருந்து 27.5 சதவீதமாக மத்திய அரசு உயர்த்தியது. கடைவிலை ஏறியது. 2025 மே கடைசியில் அதை 16.5 ஆகக் குறைத்தது. விவசாயிக்கு விலை கிடைக்க வரியை ஏற்றினால் வாங்குகிறவருக்குச் சுமை, வாங்குகிறவருக்காக இறக்கினால் விவசாயிக்கு நட்டம். 2025-26-க்கு நிலக்கடலை ஆதார விலை குவிண்டால் 7,263 ரூபாய், எள்ளுக்கு 9,846 ரூபாய். அறிவிப்பு இருக்கிறது, ஆனால் நெல்லை வாங்குவதுபோல் ஊர் ஊராகக் கொள்முதல் நிலையம் வைத்துக் கடலையை வாங்குவதில்லை. வியாபாரி சொன்ன விலைக்கே தள்ளிவிட வேண்டியிருக்கிறது.

இந்த இடத்தில்தான் செக்குக் கடைக்கு நான் ஆதரவு சொல்கிறேன். பக்கத்து ஊர்க் கடலையை வாங்கி ஆட்டுகிற கடையில் கொடுக்கும் 280 ரூபாயில் பெரும்பங்கு கடலை போட்டவரிடம் போகிறது. கணக்கு மேலே பார்த்தோம், பருப்புச் செலவுதான் அதில் முக்கால்வாசிக்கும் மேல்.

வீட்டுக் கணக்கு

நிதி ஆயோக் 2024-ல் வெளியிட்ட அறிக்கைப்படி இந்தியர் ஒருவர் ஆண்டுக்குச் சராசரியாக 19.7 கிலோ எண்ணெய் சாப்பிடுகிறார். நான்கு பேர் வீட்டுக்கு அது மாதம் 6.5 கிலோ, வெளியே சாப்பிடுவதையும் சேர்த்து. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஒருவருக்கு நாளைக்குச் சொல்வது 27 கிராம் அளவு, அதாவது நான்கு பேருக்கு மாதம் மூன்றே கால் கிலோவுக்குள். கடையில் வடையும் புரோட்டாவும் சாப்பிடுகிற நாட்களைக் கழித்தால் வீட்டுக்கு 3 லிட்டர் தாராளம். 2025 பிப்ரவரியில் பிரதமர் வானொலிப் பேச்சில் எண்ணெயை 10 சதவீதம் குறைக்கச் சொன்னார். எந்த எண்ணெயானாலும் ஒரு கிராமுக்கு 9 கலோரி என்பதால் அளவைக் குறைப்பது எந்த பிராண்டை மாற்றுவதைவிடவும் பெரிய பலன் தரும்.

இப்போது மாதம் 5 லிட்டர் சூரியகாந்தி வாங்குகிற வீட்டை எடுத்துக்கொள்வோம். 160 வீதம் 800 ரூபாய். அதே வீடு ஒன்றரை லிட்டர் செக்குக் கடலை எண்ணெய் (420), அரை லிட்டர் நல்லெண்ணெய் (200), ரேஷன் பாமாயில் ஒரு லிட்டர் (25) வாங்கினால் மொத்தம் 645. ரேஷன் எண்ணெய் வேண்டாம் என்று அதற்குப் பதில் 160 ரூபாய்க்குத் தவிட்டு எண்ணெய் வாங்கினாலும் 780. இரண்டு வழியிலும் பழைய செலவுக்குள் அடங்கிவிடுகிறது. தேக்கரண்டியால் அளந்து ஊற்றுவதும், பொரிப்பதை வாரத்துக்கு ஒரு நாளாக வைப்பதும் மட்டும்தான் கூடுதல் வேலை. பொரித்த எண்ணெயை வடிகட்டி, இரண்டு மூன்று நாளுக்குள் தாளிப்பில் தீர்த்துவிடுங்கள், மறுபடி பொரிக்க வேண்டாம்.

மூன்று லிட்டருக்கே 645 கொடுக்க முடியாத வீடுகள் ஏராளம். அவர்களுக்கு ரேஷன் லிட்டரும் மேலே ஒரு லிட்டர் கடைப் பாமாயிலோ தவிட்டு எண்ணெயோ, கிடைத்தால் கால் லிட்டர் நல்லெண்ணெயும். வாரம் நாலு நாள் கீரையும் பருப்பும் இருந்தால் எண்ணெய் வகையால் பெரிய வித்தியாசம் வராது.

ரேஷனில் பாமாயிலுக்குப் பதில் தேங்காய் எண்ணெயும் கடலை எண்ணெயும் கொடுங்கள் என்று தென்னை விவசாயிகள் பல ஆண்டுகளாகக் கேட்டுவருகிறார்கள். பொள்ளாச்சியும் பட்டுக்கோட்டையும் இதற்காகப் போராட்டங்களைப் பார்த்துவிட்டன. மானியச் செலவு இரண்டு மூன்று மடங்காகும் என்பது உண்மை. ஆனால் முழுசாக மாற்ற வேண்டியதில்லை: மாதம் ஒரு லிட்டர் பாமாயிலில் கால் லிட்டரை மட்டும் கடலை விளைகிற மாவட்டங்களில் உள்ளூர்க் கடலை எண்ணெயாகக் கொடுத்துப் பார்க்கலாம். கொள்முதலைக் கூட்டுறவுச் சங்கங்கள் வழியாக ஆதார விலைக்குச் செய்தால் அந்த மானியம் நம் விவசாயியின் கைக்கே வரும். உங்கள் ஊர்க் கிராம சபையில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர முடியும், ஓட்டுக் கேட்டு வருகிற எல்லாக் கட்சிக்காரர்களிடமும் இதையே கேட்கலாம்.